தொடங்கிய ஒலிக்குப் பொறுப்பு யார்?

ஒரு செயலிலிருந்து கையை எடுத்தவுடன் அச்செயல் முடிந்துவிட்டதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். பேசி நிறுத்தினால் பேச்சு முடிந்தது. அஞ்சலில் சேர்த்துவிட்டால் கடிதம் முடிந்தது. தீர்ப்புச் சொல்லிவிட்டால் வழக்கு முடிந்தது என்பது நம் கணக்கு. ஆனால், சொன்னவர் மறந்துவிட்ட சொல் கேட்டவர் நெஞ்சில் பல்லாண்டுகள் குடியிருக்கிறது. அப்படியாயின், நம் கையைவிட்டு அகன்ற பின்னும் தொடர்ந்து ஒலிக்கும் ஒன்றுக்கு நாம் எவ்வளவு தூரம் பொறுப்பு? “சரியானதைச் சரியான வேளையில் செய்தேன்” என்று நேர்மையோடு சொல்லக்கூடிய ஒருவருக்கு, அதற்கு மேலும் ஏதேனும் கடமை உண்டா?

இவ்வினாவை ஏடுகளின் வழியாக ஆராய்வோர் உளர். நாம் இன்று ஓர் இசைக்கருவியின் வழியாக அதை அணுகிப் பார்ப்போம். வைப்ரபோன் என்னும் அக்கருவியை நம்மில் பலர் நேரில் கண்டிருக்க மாட்டோம். ஆயினும் அதைப் பயிலும் மாணவர் ஒவ்வொரு நாளும் தம் கையாலும் காலாலும் செவியாலும் எதிர்கொள்வது இதே வினாவைத்தான்.

கருவியின் இயல்பு

கோல்கொண்டு தட்டிச் சுரம் எழுப்பும் கருவிகள் ஒரு பெருங்குடும்பம். நீர் நிரப்பிய பீங்கான் கிண்ணங்களால் ஆன நம் ஜலதரங்கமும் அக்குடும்பத்திற்கு உறவே. மேலை இசையில் சைலபோனும் மாரிம்பாவும் மரக்கட்டைகளால் ஆனவை. வைப்ரபோனோ உலோகத்தால் ஆனது. பியானோவின் வெள்ளை, கறுப்புக் கட்டைகளின் ஒழுங்கிலேயே இரு வரிசையாக அடுக்கப்பட்ட அலுமினியப் பட்டைகள் அதன் மேற்பரப்பு. வழக்கமான அளவுடைய கருவியில் அவை 37. மூன்று ஸ்தாயிகளைக் கொண்டவை. நூல் சுற்றிய உருண்டைத் தலையுடைய கோல்களால் அவற்றைத் தட்ட வேண்டும். ஒவ்வொரு பட்டையின் கீழும் அடிப்புறம் மூடிய குழாய் ஒன்று தொங்குகிறது. அதனுள் இருக்கும் காற்று, பட்டையின் அதிர்வை ஏற்று வலுப்படுத்துகிறது. குழாயின் வாயில் சிறு வட்டத்தகடு ஒன்று உண்டு. மின்மோட்டார் அத்தகட்டைச் சுழற்றும்போது வாய் மாறி மாறித் திறந்து மூடுவதால், ஒலி அலையலையாய் எழுந்து தாழ்கிறது.

இக்கருவியின் வரலாற்றில் நம் சிந்தனைக்குரிய செய்தி ஒன்று உண்டு. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் இயங்கிய லீடி நிறுவனம் 1920களில் இதன் முதல் வடிவத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பட்டைகள் எஃகால் ஆனவை. எழுந்த ஒலியை நிறுத்துவதற்கு அதில் பெடல் இல்லை. 1927இல் சிகாகோவின் டீகன் நிறுவனத்தில் சுருதி சேர்க்கும் பணிக்குத் தலைவராய் இருந்த ஹென்றி ஷ்லூட்டர் எஃகுக்கு மாற்றாக அலுமினியத்தைக் கையாண்டார். பட்டைகளின் கீழே கம்பளித் துணி பொருத்திய நீண்ட சட்டம் ஒன்றை அமைத்து, அதைக் காலால் இயக்கும் பெடலோடு இணைத்தார். உலகம் பின்னர் ஏற்றுக்கொண்டது இவ்வடிவத்தையே. ஒலிக்கும் ஆற்றல் முன்பே இருந்தது. ஒலியை நிறுத்தும் ஆற்றலும் சேர்ந்த பின்னரே அது நிலைபெற்றது.

அதன்பின் அதன் வளர்ச்சி விரைவானது. 1930இல் லூயி ஆம்ஸ்ட்ராங்குடன் செய்த இசைத்தட்டுப் பதிவில் லயனல் ஹாம்ப்டன் இதை வாசித்து ஜாஸ் உலகில் இதற்கு இடம் பெற்றுத் தந்தார். பாரிசின் மூவொரு இறைவன் ஆலயத்தில் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆர்கன் இசைத்த கத்தோலிக்க இசைமேதை ஒலிவியே மெசியான், 1945இல் முதன்முதல் அரங்கேறிய ‘இறைப் பிரசன்னத்தின் மூன்று சிறு வழிபாடுகள்’ என்னும் தம் படைப்பில் பெண்குரல்களோடு வைப்ரபோனையும் சேர்த்தார். 1960களில் கேரி பர்ட்டன் கைக்கு இரண்டாக நான்கு கோல்களைப் பிடித்து, ஒருவராகவே பண்ணையும் அதற்குத் துணைநிற்கும் சுரக்கூட்டையும் இசைத்துக் காட்டினார். அவர் கையாண்ட பிடிமுறை இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது.

சரியான சுரம் பிழையாகும் விதம்

புல்லாங்குழலில் மூச்சை நிறுத்தினால் ஒலியும் நின்றுவிடும். பியானோவில் பெரும்பாலான கட்டைகளுக்குத் தனித்தனியே ஒலியடக்கி இருப்பதால், விரலை எடுத்தவுடன் அந்தச் சுரம் மட்டும் ஓய்ந்துவிடும். வைப்ரபோனில் அப்படி இல்லை. 37 பட்டைகளுக்கும் ஒரே ஒலியடக்கிச் சட்டம். பெடலை அழுத்தினால் சட்டம் விலகி, தட்டிய சுரங்கள் யாவும் பல விநாடிகள் ஒலித்துக்கொண்டே இருக்கும். பெடலை விட்டால் சட்டம் மேலெழுந்து அனைத்தையும் ஒருசேர நிறுத்தும். ஆலய மணியை அடித்துவிட்டுக் கயிற்றை விடுபவரை ஒத்ததே இசைஞரின் நிலை. வேறுபாடு ஒன்றே, அவர் அடுத்த விநாடியே மற்றொரு மணியை அடிக்க வேண்டியவர்.

புதிதாய்ப் பயில்வோர் தட்டுவதிலேயே முழுக் கவனத்தையும் செலுத்துவர். எந்தப் பட்டை, எவ்வளவு வலிமை, எந்தத் தாளம் என்பனவே அவர்தம் கவலை. அவை யாவும் பிழையின்றி அமைந்த பின்னும் இசை கலங்கிப்போவதைக் கண்டு வியப்பர். காரணத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். முதலில் ச, க, ப ஆகிய மூன்றும் சேர்ந்து ஒலிக்கின்றன என்று கொள்வோம். இனிமையான கூட்டு அது. அடுத்து இசை நகர்ந்து ப, நி, ரி என்னும் கூட்டை அடைகிறது. ‘ப’ இரண்டுக்கும் பொது. அது ஒலித்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் பழைய ‘ச’ ஓயாதிருந்தால், புதிதாய் எழுந்த ‘நி’யோடு உரசிச் செவியைக் குத்தும். பழைய ‘க’வும் புதிய ‘ரி’யை மங்கச் செய்யும். இங்கே தட்டியதில் பிழை எது? எதுவுமில்லை. ‘ச’ தட்டப்பட்ட வேளையில் அது முற்றிலும் சரியான சுரம். சூழல் மாறிய பின்னும் அதை ஒலிக்கவிட்டதே பிழை.

நம் வினாவின் கடினமான பகுதி இதுவே. தவறாகச் சொன்னதைத் திருத்த வேண்டும் என்பதை யாவரும் ஒப்புக்கொள்வர். சரியாகச் சொன்னதையும் ஒரு நாள் நிறுத்தி வைக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் மனம் இடம் தருவதில்லை. பதினைந்து வயது மகனைப் பார்த்து, “உனக்குப் பொறுப்பில்லை” என்று தந்தை சொன்னது அன்று உண்மையாகவே இருந்திருக்கலாம். அவனுக்கு முப்பத்தைந்து வயதாகி, குடும்பப் பாரத்தைச் சுமந்து நிற்கும் நாளிலும் அச்சொல் அவ்வீட்டில் ஒலித்துக்கொண்டிருந்தால், அது இன்னும் உண்மைதானா? திருவிழாக் கணக்கில் ஓர் ஐயம் எழுந்தபோது அதைச் சபையில் துணிந்து கேட்பது நேர்மையின் கடமை. கணக்குச் சரிபார்க்கப்பட்டு ஐயம் நீங்கிய பின், கேட்டவர் அதே சபையில் எழுந்து, “என் ஐயம் நீங்கிவிட்டது” என்று சொல்லாமல் இருந்துவிட்டால், கேள்வி மட்டும் ஊருக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். கேட்டது குற்றமன்று, அதை ஒலிக்கவிட்டதே குற்றம்.

இருவகை அமைதி

கலங்கிய ஒலியைக் கேட்டதும் மாணவர் முதலில் நாடுவது பெடலையே. அதிலிருந்து காலை எடுத்தால் எல்லாம் அடங்கிவிடும். ஆனால் ‘ச’வோடு சேர்ந்து, ஒலிக்க வேண்டிய ‘ப’வும் மடிந்துபோகும். இசை துண்டு துண்டாகிவிடும். ஒன்றை மட்டும் நிறுத்தி மற்றொன்றை வாழவிட வேண்டுமாயின் வழி ஒன்றுதான்: பெடலை அழுத்தியவாறே, கையிலுள்ள கோலைக் குறிப்பிட்ட அந்தப் பட்டைக்குத் திரும்பக் கொண்டுசென்று, அதன்மேல் மெல்ல வைத்து அழுத்த வேண்டும். ஒரு கை புதிய சுரத்தைத் தட்டும் அதே நொடியில் மறு கை பழைய சுரத்தை அடக்க வேண்டும். அமெரிக்க இசைஞர் டேவிட் ஃப்ரீட்மன் 1973இல் வெளியிட்ட பயிற்சி நூல் முழுவதும், கோலால் ஒலியடக்குவதையும் பெடலை ஆள்வதையும் பற்றியதே. தட்டுவதற்கு மட்டுமன்று, தட்டாதிருப்பதற்கும் நிறுத்துவதற்கும் தனிப் பயிற்சி தேவை என்பதை அந்நூல் உலகெங்கும் உள்ள மாணவர்க்கு உணர்த்தியது.

இவ்விருவகை அமைதிகளையும் நம் வாழ்விலும் காணலாம். வீட்டில் மனத்தாங்கல் எழுந்தால், “இனி அதைப்பற்றி யாரும் பேசக்கூடாது” என்று பெரியவர் ஆணையிடுவது பெடலால் வரும் அமைதி. கசப்பு அடங்கும், அதனோடு அவ்வீட்டின் கலகலப்பும் அடங்கிப்போகும். உண்ணும்போது பேச்சில்லை, பண்டிகைக்கு வருவோர் விரைவில் விடைபெறுவர். ஊர்ச் சண்டைகளும் பல வேளைகளில் இவ்வண்ணமே ‘தீர்க்கப்படுகின்றன’. மற்றதோ கடினமான அமைதி. புண்படுத்திய சொல் எது என்று தேடிக் கண்டு, சொன்னவரே அதனிடம் திரும்பிச் சென்று, அதை மட்டும் அடக்குவது. உறவின் மற்றச் சுரங்கள் தடையின்றி ஒலிக்கும்.

கோலால் அடக்கும் இக்கலையில் இரண்டு நுட்பங்கள் உண்டு. முதலாவது, கோலை வேகமாக வைத்தால் அதுவே மீண்டுமோர் அடியாகி, அடக்க வந்த சுரத்தையே உரக்க எழுப்பிவிடும். மன்னிப்புக் கேட்கச் சென்றவர், “நான் ஏன் அப்படிச் சொன்னேன் தெரியுமா?” என்று தொடங்கிப் பழைய வழக்கைப் புதுப்பித்துவிட்டுத் திரும்புவதை நாம் கண்டதில்லையா? கோல் பட்டையைத் தொடும்போது அதில் வேகம் இருக்கக்கூடாது. நிலைப்பு இருக்க வேண்டும்.

இரண்டாவது நுட்பம் இன்னும் ஆழமானது. அதிரும் பட்டையின் எல்லா இடங்களும் ஒரே அளவாய் அசைவதில்லை. இரு முனைகளிலிருந்தும் நீளத்தில் ஏறத்தாழ 22.4 விழுக்காடு தள்ளி, அசைவே இல்லாத இடங்கள் இரண்டு உள்ளன. பட்டையைத் தாங்கும் கயிறு அவ்விடங்களின் வழியாகவே செல்கிறது. அதனால்தான் கட்டப்பட்டிருந்தும் அது தடையின்றி ஒலிக்கிறது. அந்த அசையா இடத்தில் கோலை எவ்வளவு நேரம் அழுத்தி வைத்தாலும் ஒலி அடங்காது. அதிர்வு மிகுந்த நடுப்பகுதியைத் தொட்டால்தான் அடங்கும். நம் சமாதான முயற்சிகள் பலவும் தோற்பதன் காரணத்தை இது சொல்லிவிடுகிறது. யாருக்கும் வலிக்காத இடத்தில் தொட்டுவிட்டு, செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்று திரும்பி வருகிறோம். நேரில் சொல்ல வேண்டியதை மூன்றாமவர் வழியாகச் சொல்லி அனுப்புகிறோம். பறித்த மதிப்பைத் திருப்பித் தராமல் பழக்கூடையைக் கொடுத்துவிட்டு வருகிறோம். ஒலியோ நிற்பதில்லை.

மரம் கற்பிக்கும் மறுபாடம்

இதுவரை சொன்னதைக் கொண்டு, தொடங்கியவற்றையெல்லாம் முடித்து வைப்பதே அறம் என்று எவரேனும் முடிவு கட்டினால், அவருக்கு மாரிம்பாவைக் காட்ட வேண்டும். ஆப்பிரிக்க வேர்களை உடைய இக்கருவி நடு அமெரிக்காவில் தழைத்தது. 1680இல் குவாத்தமாலாவின் அன்றைய தலைநகரில் நடந்த பேராலயத் திறப்புவிழாவில் பழங்குடி மக்கள் இதை இசைத்ததாக வரலாற்றாசிரியர் தொமிங்கோ ஹுவாரோஸ் குறித்துள்ளார். இருபதாம் நூற்றாண்டில் இது உலக மேடைகளை அடைந்தது. 1950இல் அமெரிக்க மறைபரப்பாளர் ஒருவர் ஜப்பானுக்குக் கொண்டுசென்ற மாரிம்பாக்களின் ஒலியில் உள்ளம் பறிகொடுத்த கெய்கோ அபே, பின்னாளில் அதைத் தனிக் கச்சேரிக்குரிய கருவியாக உயர்த்தியவருள் முதன்மையானவர்.

மாரிம்பாவின் மரக்கட்டையில் ஒலி நெடுநேரம் தங்குவதில்லை. தட்டினால் முழுமையாய் எழுந்து, விரைவில் தேய்ந்துவிடும். நீண்ட சுரம் வேண்டுமாயின் இரு கோல்களாலும் மாறி மாறி, விரைவாகவும் சீராகவும் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கேட்பவருக்கு அது ஒரே ஓடையாய்த் தோன்றும். உண்மையில் அது நொடிதோறும் இறந்து, நொடிதோறும் மீண்டும் பிறப்பிக்கப்படும் ஒலி. கை ஓய்ந்தால் அதுவும் ஓய்ந்தது.

ஆகவே வைப்ரபோனும் மாரிம்பாவும் மாறுபட்ட இரு கடமைகளைக் கற்பிக்கின்றன. நாம் விட்டுவிட்டாலும் தாமே தொடரும் பொருள்கள் உலகில் உள்ளன: கடுஞ்சொல், வதந்தி, பழித்தல், ஒருமுறை கிளப்பிய ஐயம். இவை உலோகத்தின் இயல்பின. நாம் தொடர்ந்து தொடாவிட்டால் தாமே மடியும் பொருள்களும் உள்ளன: அன்பு, நன்றி, நட்பு, திருமண நாளில் தந்த வாக்கு. இவை மரத்தின் இயல்பின. நம் துயரங்களில் பல, இவற்றை மாற்றி எண்ணுவதால் வருவன. “இருபது ஆண்டுகளுக்கு முன்பே அன்பைச் சொல்லிவிட்டேனே, இன்னும் என்ன?” என்று மரத்தை உலோகமாகக் கொள்கிறோம். “சொன்னது சொன்னதுதான், நாளாவட்டத்தில் மறந்துவிடுவார்கள்” என்று உலோகத்தை மரமாகக் கொள்கிறோம். அன்பு தானே தொடரும் என்றும் காயம் தானே மறையும் என்றும் நம்பி, இரண்டிலும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறோம்.

எல்லை எதுவரை?

இங்கே நேர்மையான மறுப்பு ஒன்று எழலாம். பிறர் உள்ளத்தில் ஒலிப்பதற்கெல்லாம் ஒருவர் எப்படிப் பொறுப்பாக முடியும்? நாம் எண்ணாத பொருளைப் பிறர் கொள்ளலாம். அவர்தம் காயங்கள் நம் சொல்லைப் பெரிதாக்கலாம். பேசிய ஒவ்வொன்றையும் மறுபடி தேடிக்கொண்டிருந்தால் வாழ்வது எப்படி?

இம்மறுப்பில் உண்மை உண்டு. ஒலியை அடக்கக் கற்ற மாணவர், சில காலம் எல்லாவற்றையும் அடக்கிக்கொண்டே இருப்பார். பிழை எதுவும் இராது; உயிரும் இராது. சுரங்கள் ஒன்றோடொன்று தழுவி மங்கும் அழகுக்காகவே இக்கருவி பிறந்தது. தேர்ந்த இசைஞர் பெடலைப் பாதியளவு மட்டும் விட்டு, ஒலியை முற்றும் அறுக்காமல் மெல்லத் தணிப்பார். எதை முழுதும் நிறுத்துவது, எதைத் தணிப்பது, எதை அதன் போக்கிலேயே தேயவிடுவது என்பதைச் செவியே முடிவு செய்கிறது. ஒவ்வொரு சொல்லையும் எண்ணி எண்ணி வாடும் அஞ்சிய மனச்சாட்சியும் நோயுற்ற மனச்சாட்சியே. விவேகம் என்பது இவ்விரு முனைகளுக்கும் நடுவே இருப்பது.

எல்லையும் கருவியிலேயே உள்ளது. அரங்கின் கடைக்கோடிக்குச் சென்றுவிட்ட ஒலியை எந்த இசைஞராலும் திரும்ப அழைக்க முடியாது. அதற்கு அவர் பொறுப்பும் அல்லர். ஆனால் தம் கோல் எட்டும் தொலைவில் இன்னும் அதிர்ந்துகொண்டிருக்கும் பட்டைக்கு அவரே பொறுப்பு. உலகில் உள்ள எல்லாக் காயங்களையும் ஆற்றும்படி நம்மிடம் எவரும் கேட்கவில்லை. கை எட்டும் இடத்தில், நாமே எழுப்பியது, இன்றும் ஒலிக்கிறதா என்பதே கேள்வி.

கேளாதோர் நடுவே பயிற்சி

இறுதியாக ஒன்று. இவ்வறிவு சொல்லக் கேட்டவுடன் கைவருவதில்லை. மாணவர் மிக மெதுவான நடையில், ஒரே சுர வரிசையை நாள்தோறும் வாசிக்கிறார்: ஒன்றைத் தட்டு, முந்தியதை அடக்கு, மற்றொன்றைத் தட்டு, முந்தியதை அடக்கு. தொடக்கத்தில் அவர் செவி அடியின் ஒலியை மட்டுமே கேட்கிறது. வாரங்கள் பல கழிந்த பின்னரே, அடிக்குப் பின் தொடரும் நெடிய வாலை அது கேட்கத் தொடங்குகிறது. கைக்குத் தரும் பயிற்சி போலத் தோன்றினாலும் உண்மையில் அது செவிக்குத் தரும் பயிற்சியே.

யாழ் வாசித்தே யாழ்வல்லோர் ஆவதுபோல, நேர்மையானவற்றைச் செய்தே நேர்மையாளர் ஆகிறோம் என்பது அரிஸ்டாட்டில் கண்ட உண்மை. அதே யாழை வாசித்தே தீய யாழோரும் உருவாகின்றனர் என்பதையும் அவர் சேர்த்துச் சொல்ல மறக்கவில்லை. பயிற்சி எதையும் நிலைப்படுத்தும், கவனமின்மையையும் நிலைப்படுத்தும். நாற்பது ஆண்டுகள் பேசிப் பழகியதால் மட்டும் ஒருவர் நாவடக்கம் கற்றுவிடுவதில்லை.

இப்பயிற்சிக்கு அரங்கில் கைதட்டல் கிடையாது. அருமையாய்த் தட்டிய சுரத்தை மக்கள் கேட்டு மகிழ்வர். உரிய நேரத்தில் அடங்கிய சுரத்தை எவரும் கேட்பதில்லை. அது கேளாதிருப்பதற்காகவே அவ்வளவு உழைப்பும். இசை தெளிவாக இருந்தது என்று மட்டும் சொல்லிச் செல்வர். தொடங்கி வைப்போர் புகழ் பெறும் உலகில் முடித்து வைப்போர் பெயர் அறியப்படாமலே போகிறது. கல்வெட்டில் பெயர் பொறிக்கப்படுவது அடிக்கல் நாட்டியவருக்கே. பழைய பகை ஒன்றை ஓசையின்றி அணைத்தவருக்குக் கல்வெட்டு இல்லை.

நம் கேள்விக்கு இனி விடை சொல்லலாம். சரியானதைச் சொன்னோம் என்பது நம்மைப் பாதி வழிக்கே அழைத்துச் செல்கிறது. சொன்னது எதுவரை ஒலிக்க வேண்டும் என்பதும் நம் பொறுப்பே, கை எட்டும் வரை. ஆகவே நாம் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம்: நம் வீட்டில், நம் தெருவில், நம் உறவினரிடையே, நாம் என்றோ தட்டிவிட்டு வந்த எந்தச் சுரம் இன்றும் ஓயாமல் இருக்கிறது? அதைத் தட்டிய கோல் இன்னும் நம் கையில்தான் இருக்கிறது. திரும்பிச் செல்லும் தொலைவு பெரும்பாலும் நாம் அஞ்சுவதைவிடக் குறைவே.